பெயர் போடாமல் எழுதியவள்

தாயி,

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் உன்னைச் சென்னை வண்டியில் ஏற்றிவிட்டு வந்ததிலிருந்து இந்தக் கடிதம் மனசுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. வண்டி கிளம்பும்போது ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "ஏம்ப்பா, மத்தியானத்துல இருந்து மூஞ்சி ஒரு மாதிரியா இருக்கு? நான் எதுவும் தப்பாச் சொல்லிட்டனா?" என்று கேட்டாய். "வெயிலு தாயி, வேற ஒண்ணுமில்ல" என்றேன். அது பொய். ஃபோனில் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை உன் எண்ணை எடுத்தேன். நடுவில் நீ "பரவால்லப்பா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தை விழுங்கிவிடுவேன் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் தாளில் எழுதுகிறேன். கல்யாணத்துக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. இன்னொரு வீட்டுக்குப் போகுமுன் உன் அப்பன் எப்படிப்பட்டவன் என்று நீ முழுசாகத் தெரிந்துகொள்ள வேண்டும். அதைவிட முக்கியம், நீ சொன்ன அந்த வேலையை முடித்துக் கொடுப்பதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டும்.

அன்று மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் நீ என் ஃபோனை வாங்கி, "உங்களுக்கு ஒரு வித்தை காட்டுறேன்" என்றாய். உங்கள் கம்பெனியின் ஆப் ஒன்றை ஏற்றி, என் பெயரைப் போட்டாய். பிறகு அதை அழித்தாய். ஃபோனுக்குள் எங்கோ போய் விளம்பரக்காரர்களுக்குத் தரும் எண்ணையும் அழித்தாய். மறுபடி அதே ஆப்பை ஏற்றி, அனுமதி கேட்ட இடத்திலெல்லாம் வேண்டாம் வேண்டாம் என்று கொடுத்து, என்னிடம் "ஒரு பொய்ப் பேரு சொல்லுங்க" என்றாய். நான் வாயில் வந்த ஒரு பெயரைச் சொன்னேன். அதைப் போட்ட மறு நிமிஷம் உன் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாய். முன்னால் வந்தவரும் இவரும் ஒரே ஃபோன் என்று அதில் எழுதியிருந்தது. உன் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "இது என்ன கண்கட்டு வித்தையா இருக்கு!" என்றாள். நான் கை தட்டினேன்.

"முன்னால எல்லாம் ஒவ்வொரு ஃபோனுக்கும் ஒரு நம்பர் இருக்கும்ப்பா. ஆப்பு கேட்டாக் குடுத்துரும். இப்பக் குடுக்காது. பிரைவசின்னு சொல்லி ஃபோன் கம்பெனிக்காரங்க கதவைச் சாத்திட்டாங்க. ஆளு சம்மதிக்காம அந்த நம்பரைத் தொடக்கூடாது. நாங்களும் தொடல."

"பொறவு எப்படிட்டீ கண்டுபிடிச்ச?"

"நம்பரை விட்டுட்டு மத்ததக் கேட்டேன். எந்த மாடல், எம்புட்டு எடம் காலியா இருக்கு, என்ன பாஷையில வச்சிருக்காங்க, இப்படி. நீங்க கண்ணாடி போடச் சோம்பேறிப்பட்டு எழுத்தைப் பெருசா வச்சிருக்கீங்க. மில்லுப் பழக்கத்துல கடிகாரத்தை இருபத்துநாலு மணிக் கணக்குல வச்சிருக்கீங்க. மாசக்கணக்கா ஃபோனை ஆஃப் பண்ணவே இல்ல. ஒவ்வொண்ணும் லட்சம் பேருகிட்ட இருக்கும். அம்புட்டும் ஒண்ணாச் சேந்து இருக்குறது உங்க ஃபோன் ஒண்ணுதான்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. போன வருஷம் நீ சொன்ன கதை ஞாபகம் வந்தது. உங்கள் ஆப்பில் ஒரு பயல் பெண்பிள்ளைகளுக்கு அசிங்கமாக எழுதுவான், வெளியே தள்ளினால் வேறு பெயரில் திரும்பி வருவான், கடைசியில் நீ எழுதிய இந்த வித்தைதான் அவன் ஃபோனை அடையாளம் கண்டு நிரந்தரமாகக் கதவைச் சாத்தியது. அதை நான் தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தேன். இப்போதும் சொல்கிறேன், அது நல்ல காரியம்.

ஆனால் அடுத்து நீ சொன்னாய், இப்போது புதிதாக ஓர் ஆப் செய்கிறீர்கள் என்று. மில்லிலும் தையல் ஆலையிலும் வேலை பார்க்கிற பெண்கள் தங்கள் புகாரை அதில் எழுதலாம். 'பெயர் வேண்டாம், நம்பர் வேண்டாம், தைரியமாகச் சொல்லுங்கள்' என்று முதல் பக்கத்திலேயே இருக்குமாம். ஆலைக்காரர்களுக்கு ஒரு சந்தேகமாம், பத்துப் புகார் வந்தால் பத்தும் ஒருத்தியே எழுதுகிறாளோ என்று. அதற்காக இந்த வித்தையை அதிலும் பொருத்தப் போகிறீர்கள். "யாருன்னு கேக்கலப்பா. ஒரே ஆளா, பல ஆளான்னு மட்டுந்தான் கேக்காங்க. அடுத்த மாசம் நம்ம ஊருப் பக்கமே ரெண்டு மில்லுல வருது" என்றாய். என் முகம் மாறியது அப்போதுதான். நீ சொன்ன அந்த வாக்கியத்தை, ஏறக்குறைய அதே வார்த்தைகளில், இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் கேட்டிருக்கிறேன்.

அப்போது நீ ஒன்றாம் வகுப்பு. நான் மில்லில் டைம் ஆபீஸ் கிளார்க். எந்த மில் என்பது உனக்குத் தெரியும், இங்கே பெயர் எழுத வேண்டாம். அறுநூறு பேரின் டைம் கார்டும் லீவு சீட்டும் என் கையைத் தாண்டித்தான் போகும். யார் எப்படிக் கையெழுத்துப் போடுவார்கள், யார் எந்தக் கிழமை லீவு எடுப்பார்கள் என்று பார்க்காமலே சொல்வேன். அதில் எனக்கு ஒரு கர்வம். அந்தச் சமயம் புதிதாக வந்த மேனேஜர் கேன்டீன் வாசலில் ஒரு புகார்ப் பெட்டி வைத்தார். 'பெயர் எழுதத் தேவையில்லை' என்று அதன் மேல் பெயின்டில் எழுதியதே நான்தான். முதல் மாதத்தில் மூன்று கடிதங்கள் விழுந்தன. மூன்றும் ஸ்பின்னிங் பகுதி சூப்பர்வைசரைப் பற்றியவை. இரண்டாவது ஷிப்ட் முடிகிற நேரம் பெண்களை ஒவ்வொருத்தியாகக் குடோனுக்குக் கூப்பிடுகிறான், வர மறுத்தால் ஓடாத மிஷினில் போட்டு வதைக்கிறான், மேலே கை வைக்கிறான். ஒன்றில் கையெழுத்து சாய்வாக இருந்தது, இன்னொன்றில் நேராக, மூன்றாவது இடது கையால் எழுதியது போலக் கோணல்மாணலாக. எதிலும் பெயர் இல்லை.

மேனேஜர் என்னை அறைக்குக் கூப்பிட்டு மூன்றையும் மேசையில் பரப்பினார். "யாருன்னு நான் கேக்கல. அது தப்பு. மூணும் ஒரே ஆளா, வேற வேற ஆளான்னு மட்டும் சொல்லுங்க. உங்க கண்ணுக்குத் தெரியுமே" என்றார். என்னை நம்பி ஒரு பெரிய மனுஷர் கேட்கிறார் என்று இருந்தது எனக்கு. கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட, அதை எழுதியது யார் என்கிற புதிரில்தான் என் மனசு போய் உட்கார்ந்தது. அதை மறைக்காமல் உன்னிடம் சொல்கிறேன். தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். மூன்றும் ரெட்டைக்கோடு நோட்டில் கிழித்த தாள். உன் பைக்குள்ளும் அதே நோட்டு இருந்ததால் சட்டென்று தெரிந்தது. எழுதியவள் வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறது. மூன்றிலும் 'சூப்பரவைசர்' என்று நடு 'ர'வுக்குப் புள்ளி இல்லை. மூன்றும் எட்டாக மடிக்கப்பட்டிருந்தன. எழுதியிருந்த எல்லாமே ஒன்பதாம் மிஷினிலிருந்து பன்னிரண்டாம் மிஷின் வரை நின்ற பெண்களுக்கு நடந்தவை. "ஒரே ஆளுதான் சார்" என்றேன்.

"எப்படிச் சொல்றீங்க?"

அங்கே நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. ஒவ்வொன்றாக விளக்கினேன். பள்ளிக்கூடப் பிள்ளை, இரண்டாவது ஷிப்ட், ஒன்பதிலிருந்து பன்னிரண்டு. சொல்லச் சொல்ல அவர் டைம் கார்டுப் பலகையை இழுத்து ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தார். கடைசியில் ஒரு கார்டை எடுத்து என் முன்னால் வைத்து, "இந்தப் பொண்ணா?" என்றார். முத்துப்பேச்சி. புதுப்பட்டியிலிருந்து மில் வண்டியில் வருகிறவள், லீவு சீட்டை எட்டாக மடித்துக் கொடுக்கிறவள், எப்போது பார்த்தாலும் "சாப்ட்டாச்சா அண்ணாச்சி" என்று கேட்கிறவள். நான் ஆமாம் என்று சொல்லவில்லை தாயி. இத்தனை வருஷமாக அதைச் சொல்லித்தான் என்னை நானே தேற்றிக்கொண்டேன். நான் சிரித்தேன். கண்டுபிடித்துவிட்டீர்களே என்பது போல ஒரு சிரிப்பு.

ஒரு வாரத்தில் அவளைக் கழிவுப் பஞ்சு அறைக்கு மாற்றினார்கள். வெளியே போகும்போது அவள் பையை மட்டும் கேட்டில் கொட்டிப் பார்த்தார்கள். சூப்பர்வைசரின் ஆட்கள் அவள் புருஷன் வீட்டுக்கே போய், 'உங்க வீட்டுப் பொண்ணு ஆம்பளைங்களப் பத்திக் கடுதாசி எழுதுதா' என்று சொல்லிவிட்டு வந்தார்கள். அங்கே என்ன நடந்ததோ, மாதம் முடிவதற்குள் அவள் வேலையை விட்டாள். கார்டை ஒப்படைக்க என் ஜன்னலுக்குத்தான் வந்தாள். உதட்டோரம் கன்றிப் போயிருந்தது. கார்டை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"அண்ணாச்சி, பேரு போடலையே. கையெழுத்தக்கூட மாத்தித்தான எழுதினேன். எப்படித் தெரிஞ்சிச்சு?"

என்னைச் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. விஷயம் தெரிந்த மனுஷன் என்று நம்பிக் கேட்டாள். நான் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே, "எனக்கென்னம்மா தெரியும்" என்றேன். அவள் பையை எடுத்துக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு அந்தப் பெட்டியில் ஒரு கடிதமும் விழவில்லை. 'பாத்தீங்களா, இப்ப ஒரு புகாரும் இல்ல' என்று மேனேஜர் சந்தோஷப்பட்டார். சூப்பர்வைசர் வயது முடிந்து மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றான். அன்று எடுத்த போட்டோவில் பின் வரிசையில் நானும் நிற்கிறேன்.

நீ ஊருக்குப் போன மறுநாள், பழைய மில் வண்டி டிரைவரைத் தேடிப் பிடித்துக் கேட்டேன். முத்துப்பேச்சி அப்போதே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் வந்துவிட்டாள், ரத வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் தையல்கடை வைத்திருக்கிறாள் என்றார். செவ்வாய்க்கிழமை உன் அம்மாவிடம் கல்யாணத்துக்குப் பால்கோவா சொல்லிவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். அவளிடமும் பொய்தான். அரை மணி நேரப் பயணம். இருபத்திரண்டு வருஷமாக எத்தனையோ தடவை அந்த ஊருக்குப் போயிருக்கிறேன், கோயிலுக்கு, கோர்ட்டுக்கு, உனக்கு வருமானச் சான்றிதழ் வாங்க. அந்தச் சந்து முனையைத் தாண்டித்தான் நடந்திருக்கிறேன்.

கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தவள் உடனே அடையாளம் கண்டுகொண்டாள். "டைம் ஆபீஸ் அண்ணாச்சி! வாங்க, உக்காருங்க. மக நல்லா இருக்காளா?" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். பக்கத்துக் கடையில் டீ சொன்னாள். அவள் பையன் படித்து ஓசூரில் வேலையில் இருக்கிறான் என்று சொன்னாள். டீ வந்தது. நான் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். தாள், புள்ளியில்லாத 'ர', மடிப்பு, கார்டு, சிரிப்பு. மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் தாங்கிக்கொள்ளலாம் என்று தயாராகப் போயிருந்தேன்.

"அப்ப பாக்கியம் சொல்லலையா?" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. பாக்கியம் அவளோடு பத்தாம் மிஷினில் நின்றவள். நம் தெருவுக்கு மூன்று தெரு தள்ளி இருந்தவள், நீயும் பார்த்திருப்பாய்.

"அவளுக்கு மட்டுந்தான் அண்ணாச்சி நான் எழுதுறது தெரியும். ஒங்ககிட்டக் கேட்டேன், தெரியாதுன்னுட்டீங்க. பொறவு வேற யாரு? அவதான் காட்டிக் குடுத்துட்டான்னு நெனச்சேன். இங்க தேடி வந்தா ரெண்டு தடவை, கதவைத் தெறக்கல. மக கல்யாணத்துக்குப் பத்திரிக வச்சா, போகல. போன தையில செத்துப் போனா. சாவுக்கும் போகல."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அன்னைக்கே நான்தான்னு சொல்லியிருந்தா ஒங்கள நாலு வார்த்த ஏசிட்டுப் போயிருப்பேன். அவ எனக்கு மிஞ்சியிருப்பா."

வெட்டிப் போட்ட துணியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு தைக்காமல் உட்கார்ந்திருந்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அந்த வார்த்தையை அங்கே எடுக்கவே கூச்சமாக இருந்தது. எழுந்து வாசலுக்கு வந்தபோது, "ஒங்க நம்பரக் குடுத்துட்டுப் போங்க" என்றாள்.

தாயி, உன் வேலையின் உள்விவரம் எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி பேசவும் மாட்டேன். அந்த அசிங்கம் பிடித்த பயலைப் பிடித்ததும் இதே வித்தைதான் என்பதையும் மறக்கவில்லை. ஆனால் ஒன்று எனக்குத் தெரியும். கண்டுபிடித்துச் சொன்னவனும் நான், அதனால் என்ன ஆனது என்று பார்த்தவனும் நான். 'ஒரே ஆளா' என்று கேட்கிறவன் அந்தப் பதிலோடு எழுந்து போக மாட்டான். ஊர் முழுக்க இருக்கிற லட்சம் ஃபோனில் என் ஃபோனை நீ ஒரு நிமிஷத்தில் பிரித்தாய். ஒரு மில்லில், ஒரு ஷிப்டில், நாற்பது பெண்கள்தான் இருப்பார்கள். அதில் பழைய மாடல் வைத்திருக்கிறவள், எழுத்தைப் பெரிதாக வைத்திருக்கிறவள் என்று சொன்னாலே போதும், பக்கத்தில் நிற்கிற சூப்பர்வைசர் பெயரைச் சொல்லிவிடுவான். "பேரை நாங்க குடுக்க மாட்டோம், அதுக்கு மேல அவங்க என்ன செஞ்சாலும் எங்க வேலை இல்லப்பா" என்றாய். நானும் பெயரைக் கொடுக்கவில்லை.

உன்னை வேலையை விடச் சொல்லவில்லை. உன் மேலதிகாரியிடம் போய், இந்த ஆப்பில் மட்டும் இது வேண்டாம் என்று சொல். ஏன் என்று கேட்டால் என் கதையைச் சொல், எனக்கு அதில் அவமானமில்லை. அவமானப்பட வேண்டிய காலத்தில் படாமல் இருந்துவிட்டேன். அவர்கள் கேட்கவில்லை என்றால், முதல் பக்கத்தில் இருக்கிற அந்த 'தைரியமாகச் சொல்லுங்கள்' என்ற வரியையாவது எடுக்கச் சொல். எழுதப் போகிறவள் யோசித்தாவது எழுதுவாள். அதையும் கேட்கவில்லை என்றால் நீ என்ன செய்ய வேண்டும் என்று உனக்குச் சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

இவ்வளவும் புதன்கிழமை எழுதியது. தபாலில் போடாமல் வைத்திருந்தேன். இன்று காலை முத்துப்பேச்சி ஃபோன் செய்தாள். "ஒங்க ஊரு பஸ் ஸ்டாண்டுல நிக்கேன் அண்ணாச்சி. பாக்கியம் மக வீட்டுக்குப் போவணும். நீங்களும் வாரீங்க. நீங்கதான் சொல்லணும்." கட்டளை மாதிரி இருந்தது. உன் அம்மாவைக் கூப்பிட்டு உட்கார வைத்து முதலில் அவளிடம் சொன்னேன். அவள் சேலையை மாற்றிக்கொண்டு வந்தாள். மூன்று பேரும் போனோம்.

பாக்கியத்தின் மகளுக்கு உன் வயதுதான் இருக்கும், இடுப்பில் குழந்தை. முத்துப்பேச்சியைப் பார்த்ததும் யாரென்று தெரிந்துகொண்டாள். முகம் இறுகிப் போனது. ஆனாலும் பாயை விரித்தாள். சுவரில் பாக்கியத்தின் படம். முத்துப்பேச்சி அதைப் பார்க்காமல் தரையைப் பார்த்து உட்கார்ந்தாள். நான் நின்றுகொண்டே சொன்னேன். மூன்றாவது தடவை சொல்வதால் சுலபமாகிவிடவில்லை. முடித்ததும் அந்தப் பெண் குழந்தையைத் தோளில் போட்டு முதுகைத் தட்டினாள்.

"எங்கம்மா கடைசில படுத்த படுக்கையா கெடந்துச்சு. யாரு போனாலும் ஒண்ணுதான் கேக்கும், 'நான் முத்துப்பேச்சிக்கு என்ன செஞ்சேன்'னு. எங்க யாருக்கும் பதில் தெரியல" என்றாள்.

முத்துப்பேச்சி வாயில் முந்தானையை அழுத்திக்கொண்டு அழுதாள். உன் அம்மா எழுந்து போய் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். என்னை யாரும் பார்க்கவில்லை. பாக்கியம் படுத்திருந்த வீட்டிலிருந்து நம் வீட்டுக்கு நடந்து போனால் ஐந்து நிமிஷம்கூட ஆகாது தாயி. அவள் கேட்டுக்கொண்டிருந்த நாளெல்லாம் அந்தப் பதில் இங்கேதான் இருந்தது, வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டு.

எனக்கு ஆறுதல் எழுத வேண்டாம். திங்கட்கிழமை உன் ஆபீஸில் சொல்ல வேண்டியதைச் சொல். அவர்கள் என்ன சொன்னார்கள் என்று பிறகு ஃபோன் போடு, அது எதுவாக இருந்தாலும்.

அப்பா